சின்ன செயற்கைக்கோளுக்குப் பெரிய பணம் எங்கிருந்து வரும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தைப்பூசக் காவடி முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கியூப்சாட் என்ற பெட்டி வடிவச் சிறு செயற்கைக்கோள் ஆராய்ச்சி, வெளிநாட்டுக் கூட்டாளி, பணம். மொரீஷியஸிலிருந்து வந்தவையே அதிகம். டர்பனிலிருந்து ஒன்று, ரியூனியனிலிருந்து ஒன்று. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ரெதுய், பொறியியல் மாணவர்: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு 1யு (பத்து சென்டிமீட்டர் கனசதுர அளவு) கியூப்சாட் செய்ய நினைக்கிறோம். முழுச் செலவையும் ஏற்கும் அமைப்பு எது?

தம்பி, முழுச் செலவையும் ஒரே இடத்தில் தேடினால் படிப்பு முடியும் வரை தேடிக்கொண்டே இருப்பீர்கள். நம் மொரீஷியஸின் செயற்கைக்கோள் மிர்-சாட் 1 எப்படி மேலே போனது என்று பாருங்கள். ஐ.நா. விண்வெளி விவகார அலுவலகமும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவும் சேர்ந்து நடத்தும் கிபோகியூப் திட்டத்தின் மூன்றாம் சுற்றில், 2018இல், நம் ஆராய்ச்சி மன்றம் தேர்வானது. ராக்கெட்டில் ஏற்றும் செலவும் விண்வெளி நிலையத்தின் கிபோ கூடத்திலிருந்து வெளியே விடும் செலவும் அவர்கள் பொறுப்பு. செயற்கைக்கோளைச் செய்வது, சோதிப்பது, ஆட்கள் போய்வருவது எல்லாம் தேர்வானவர் பொறுப்பு. கட்டுமானத்துக்கு ஸ்காட்லாந்தின் ஏஏசி கிளைட் ஸ்பேஸ் நிறுவனம் கைகொடுத்தது. 2021 ஜூன் 3 அன்று ஃபால்கன் ராக்கெட்டில் ஏறி, ஜூன் 22 அன்று நிலையத்திலிருந்து வெளியே வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பணம் ஒவ்வொரு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது, கவனியுங்கள்.

நீங்களும் ஒரு தாளை எடுத்து ஆறு வரிகள் எழுதுங்கள்: ஆட்கள், பாகங்கள், சோதனை, ஏவுதல், தரைநிலையம், உரிமம். ஆட்களுக்குப் படிப்பு உதவித்தொகை. பாகங்களுக்கு உள்நாட்டு ஆராய்ச்சி மானியம். அதிர்வுச் சோதனையும் வெப்ப வெற்றிடச் சோதனையும் செய்ய அந்த வசதி உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கூட்டாளியாக வேண்டும். தன் கூடத்தை உங்களுக்காகச் சில நாள் ஒதுக்கினால் அதுவும் பணம்தான், பட்ஜெட்டில் அவர்களின் பங்களிப்பாகக் காட்டுங்கள். ஏவுதலுக்குக் கிபோகியூப் மாதிரி வாய்ப்புகள். தரைநிலையம் ஏற்கெனவே நம் தீவில் இருக்கிறது, பேசிப் பாருங்கள். அப்போது உங்கள் கையில் மிஞ்சும் ஓட்டை எவ்வளவு என்று தெரியும். அந்த ஓட்டைக்குத்தான் மானியம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விண்வெளி நிலையத்திலிருந்து விடப்படும் கியூப்சாட் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும். மெல்லிய காற்று இழுத்து இழுத்து, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் கீழே வந்து எரிந்துவிடும். அந்தக் காலத்துக்குள் தரவை இறக்கிப் படிக்க ஆள் வேண்டுமே! ஏவும் நாளோடு சம்பளம் முடிகிற பட்ஜெட்டைப் போடாதீர்கள். நான் படித்துப் பார்த்த மாணவர் முன்மொழிவுகளில் அடிக்கடி கண்ட குறை இது.

கியூர்பிப், ஆராய்ச்சியாளர்: எங்கள் முன்மொழிவு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. தொழில்நுட்பம் நன்று, தேவை தெளிவாக இல்லை என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் படித்தேன். முதல் பத்தியில் கேமரா, இரண்டாம் பத்தியில் சூரியத் தகடு, மூன்றாவதில் ரேடியோ. யாருடைய எந்தக் கவலை இதனால் தீரும் என்பது கடைசிப் பக்கம் வரை வரவில்லை. பணம் தருகிறவர் செயற்கைக்கோளுக்காகத் தருவதில்லை, ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதற்காகத் தருகிறார்.

தென்னாப்பிரிக்காவின் கேப் தீபகற்பத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2013இல் அவர்கள் விட்ட சாக்யூப்-1 ஒரு 1யு. 2018 டிசம்பர் 27 அன்று விட்ட சாக்யூப்-2 மூன்று மடங்கு பெரிது. அதற்கு அந்நாட்டு அறிவியல் துறை பணம் கொடுத்தது. கடல் பொருளாதாரத்துக்காக அரசு நடத்திய ஆபரேஷன் பக்கீசா திட்டத்தோடு அது இணைந்திருந்தது. கப்பல்கள் தங்கள் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் சொல்லி அனுப்பும் ஏஐஎஸ் சமிக்ஞையை வானத்திலிருந்து வாங்கி, தங்கள் கடலில் யார் போகிறார் வருகிறார் என்று பார்ப்பதுதான் வேலை. 2022 ஜனவரியில் அதே வேலைக்கு மூன்று சிறு செயற்கைக்கோள்கள் மேலே போயின. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டதால் அடுத்தடுத்துப் பணம் வந்தது.

நமக்குக் கேள்விக்கா பஞ்சம்? நம் நிலம் சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். நம் பொருளாதாரக் கடல் மண்டலம் சுமார் 23 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் புவந்த் தெஸ்னி அருகே பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்டு தொடக்கத்தில் எண்ணெய் கசிந்தபோது, கரும்புத் தோகையையும் தலைமுடியையும் துணியில் அடைத்து மிதவை செய்த மக்களில் உங்கள் வீட்டாரும் இருந்திருப்பார்கள். கரையை நோக்கித் தவறான பாதையில் வரும் கப்பலை எத்தனை மணி நேரம் முன்னால் கவனிக்க முடியும்? இந்த ஒரு வரியோடு உங்கள் முன்மொழிவைத் தொடங்குங்கள். பிறகு, கரையோர ஏஐஎஸ் நிலையம் இருக்கும்போது செயற்கைக்கோள் ஏன் என்று யாராவது கேட்பார்கள்; கரையிலிருந்து வெகு தூரத்துக் கடல் கரையோர நிலையம் எட்டும் தூரத்துக்கு வெளியே கிடக்கிறது என்பதை வரைபடத்தோடு காட்டுங்கள். ஒரு சிறு செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் வரும் என்ற குறையையும் நீங்களே எழுதிவிடுங்கள். மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடிப்பதை விட நீங்கள் சொல்வது நல்லது. மீன்வளத் துறையோ கடலோரக் காவல் படையோ 'இந்தத் தரவை நாங்கள் பயன்படுத்துவோம்' என்று எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஐந்து பேர் தரும் ஆதரவுக் கடிதங்களை விடக் கனமானது.

டர்பன், முதுநிலை ஆய்வாளர்: ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில் சேரக் கூப்பிடுகிறது. தென்னாப்பிரிக்கருக்குப் பணம் வருமா, பெயர் மட்டும்தானா?

வரும். 2021 முதல் 2027 வரையிலான ஹொரைசன் யூரோப்பில் ஐரோப்பிய ஒன்றியப் பணம் நேரடியாகப் பெறத் தகுதியான நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் உண்டு. பிரிக்ஸ் கூட்டாளிகளான பிரேசில், இந்தியா, சீனாவுக்கு அந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. உங்களைக் கூப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆராய்ச்சி வகைத் திட்டங்களில் நேரடிச் செலவு முழுவதும், அதற்கு மேல் 25 சதவீதம் மேல்செலவாகவும் கிடைக்கும். குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்டு அமைப்புகள் கூட்டமைப்பில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த மூன்று நாடுகளும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடாகவோ, ஹொரைசன் திட்டத்தில் இணைந்த நாடாகவோ இருக்க வேண்டும். நீங்கள் அதற்கு மேல் நான்காவது.

ஆனால் விண்வெளிப் பிரிவு அழைப்புகள் சிலவற்றில், பாதுகாப்பு காரணம் சொல்லி வெளிநாட்டாரை விலக்கியிருப்பார்கள். அழைப்பின் தகுதிப் பகுதியை நீங்களே படியுங்கள். கூட்டாளி படித்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: உங்களுக்கென்று ஒரு வேலைத்தொகுதி, அதற்கு ஆள், அதற்கு மாதக்கணக்கு கேளுங்கள். 'தரவு தந்து உதவுவார்கள்' என்ற ஒற்றை வரியில் உங்களை அடக்கினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் நாட்டுக்குக் கைத்திறன் இருக்கிறது. ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தின் சன்சாட் 1999லேயே பறந்தது. ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடந்த கியூபி50 திட்டத்தில் தென்னாப்பிரிக்கக் கியூப்சாட்கள் இரண்டு, என்சைட்-1, ஸெட்ஏ-ஏரோசாட், 2017இல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டன. இதைச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் இருதரப்பு அழைப்புகளையும் பிரிக்ஸ் அழைப்புகளையும் விடாமல் பாருங்கள்.

போர்ட் லூயிஸ், விரிவுரையாளர்: கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி சேர்ந்து செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் மானியத்திலிருந்து அவர்களுக்குப் பங்கு அனுப்பலாமா?

அனுப்பாமல் இருப்பதே நல்லது. இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய் கூட ஏற்க முடியாத நிலை பல கல்லூரிகளுக்கு வரும். இரு நாட்டுத் திட்டங்களில் நடைமுறை இதுதான்: அவரவர் பங்குக்கு அவரவர் அரசிடம் விண்ணப்பம். ஒரே திட்டம், ஒரே தலைப்பு, இரண்டு பட்ஜெட். இரண்டு விண்ணப்பத்திலும் வேலைப் பிரிவினை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்; ஒன்றில் ஆண்டெனா உங்கள் வேலை, மற்றதில் அவர்கள் வேலை என்றிருந்தால் இரண்டுமே விழும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இது புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009இல் பிஎஸ்எல்வியில் போனது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள சத்யபாமாசாட் 2016இல் போனது. தனிக் கோள் கட்டப் பணம் போதாவிட்டால், பிஎஸ்எல்வியின் கடைசிக் கட்டத்தையே சோதனை மேடையாக்கும் போயம் பற்றிக் கோவை நண்பர்களை விசாரிக்கச் சொல்லுங்கள். உங்கள் கருவி மட்டும் அதில் ஏறிக்கொள்ளும். மின்சாரமும் தொடர்பும் மேடையிலிருந்து வரும். செலவு நிறையக் குறையும்.

அரசு மட்டத்திலும் வழி திறந்திருக்கிறது. 2023 நவம்பர் 1 அன்று இஸ்ரோவும் நம் ஆராய்ச்சி, புத்தாக்க மன்றமும் கூட்டாக ஒரு சிறு செயற்கைக்கோள் செய்ய ஒப்பந்தம் போட்டன. செலவை இந்திய அரசு ஏற்பதாக அறிவித்தது. அதற்கும் வெகு முன்னால், பிரா தோவில் வானொலித் தொலைநோக்கி கட்டினார்களே, அது பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிலையம், இந்திய வானியற்பியல் நிறுவனம், நம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து செய்தது. நாம் கொடுத்தது நிலமும் தெற்கு வானமும் உழைப்பும். சிறு நாடு கையேந்திப் போக வேண்டியதில்லை என்று எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அந்த இடம்தான்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்பது மாதம் ஆகிறது. பணம் எப்போது வரும்?

அதிலிருந்து பணம் வராது. அது பேசிக்கொள்ள விருப்பம் என்று சொல்லும் தாள். அதை இணைப்பாக வைத்து ஒரு மானியத்துக்கு விண்ணப்பியுங்கள்.

நாசாவிடம் கேட்கலாமா? ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்திடம்?

நாசா வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூட்டாளிக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. அவரவர் செலவு அவரவருக்கு என்பதே அவர்கள் கொள்கை. சேர்ந்து வேலை செய்யலாம், உங்கள் பங்கை நீங்கள் கொண்டுவர வேண்டும். அந்தத் திட்டத்தில் சீன நிறுவனமும் இருந்தால் 2011 முதல் உள்ள அமெரிக்கச் சட்டத் தடை குறுக்கே வரும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பணம் உறுப்பு நாடுகள் கட்டியது, அந்த நாடுகளுக்கே திரும்பும்.

சேன் பியேர், ரியூனியன்: மொரீஷியஸ் நண்பர்களோடு கடல் கண்காணிப்பு ஆய்வு செய்ய எங்கே போவது?

நீங்கள் இருக்கும் இடம் பெரிய வரம். ரியூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி என்பதால், இன்டர்ரெக் இந்தியப் பெருங்கடல் திட்டம் உங்கள் பிராந்திய மன்றத்தின் வழியாகவே நடக்கிறது. அண்டை நாடுகளோடு சேர்ந்து செய்யும் வேலைக்கென்றே அந்தப் பணம். உங்கள் ஊரிலேயே செயற்கைக்கோள் படம் வாங்கும் சியாஸ்-ஓஐ நிலையமும் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். செலவு செய்த பிறகு ரசீது காட்டிப் பணம் வாங்கும் முறை என்பதால், உங்கள் நிறுவனம் சில மாதம் தாங்குமா என்று கணக்குப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் எல்லாரும் மறப்பது எது?

அலைவரிசை அனுமதி. அமெச்சூர் அலைவரிசை என்றால் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு வேண்டும். எதுவானாலும் உள்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் வழியாக சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்குக் கோப்பு போக வேண்டும். நான் இருந்த ஒரு குழுவில் கடைசி ஆண்டில்தான் இதைத் தொடங்கினோம். கோப்பு நகர்ந்து முடிவதற்குள் மானியக் காலம் முடிந்து, நன்றாக வேலை செய்த இளம் பொறியாளர் ஒருவர் சம்பளம் இல்லாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்றும் எனக்கு அது வருத்தம். பணம் வந்த முதல் மாதமே அந்தக் கோப்பைத் திறந்துவிடுங்கள்.

அப்புறம் லித்தியம் பேட்டரி. யு.என். 38.3 சோதனைச் சான்று இல்லாமல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். டாலர் விலையில் பாகம் வாங்கி ரூபாயில் மானியம் பெறுகிறீர்கள், இடையில் ரூபாய் இறங்கினால் யார் தாங்குவது என்பதையும் எழுதி வையுங்கள்.

மகள் இயற்பியல் பட்டம் முடிக்கிறாள். சிறு செயற்கைக்கோள் படிக்க வைக்க எங்களிடம் வசதி இல்லை.

அம்மா, ஐ.நா.வும் ஜப்பான் அரசும் சேர்ந்து தரும் நானோ செயற்கைக்கோள் நீண்டகால உதவித்தொகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் முதுநிலை, முனைவர் படிப்பு. இடம் மிகக் குறைவு, வயது வரம்பும் உண்டு. அங்கே பல நாட்டு மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கோள் கட்டுவார்கள். நேபாளமும் இலங்கையும் 2019இல் விண்ணுக்குப் போன தங்கள் முதல் கியூப்சாட்களை, இலங்கையின் ராவணா-1 உட்பட, அந்தக் கூடத்தின் பேர்ட்ஸ்-3 திட்டத்தில்தான் செய்தன.

ரோஸ் ஹில், பள்ளி ஆசிரியர்: கோள் கட்டுமளவு எங்களால் முடியாது. பிள்ளைகளுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு, அதுவும் கௌரவமான வழி. சாட்நாக்ஸ் என்ற திறந்த மூல தரைநிலைய வலையமைப்பைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சிறு கணினி, ஒரு சிறு ரேடியோ ரிசீவர், மொட்டை மாடியில் ஆண்டெனா, இணையம், இவ்வளவுதான். பள்ளி பெற்றோர் சங்கமே திரட்டக்கூடிய தொகை. எங்கோ ஒரு பல்கலைக்கழகம் விட்ட கியூப்சாட் இந்தியப் பெருங்கடலைக் கடக்கும்போது கேட்பதற்கு அங்கே நிலையங்கள் குறைவு. உங்கள் பிள்ளைகள் பிடித்துப் பதிவேற்றும் சமிக்ஞையை அந்தக் குழு தேடி வந்து எடுத்துக்கொள்ளும். மாடியில் நாலா பக்கமும் வானம் தெரிகிற மூலையைத் தேர்ந்தெடுங்கள், புயல் காலத்தில் கழற்றி இறக்கும்படி மாட்டுங்கள். ஆண்டெனா மாட்டியதும் எனக்கு எழுதுங்கள், முதல் சமிக்ஞையை எப்படிப் படிப்பது என்று விளக்கி அனுப்புகிறேன்.