தளராத எலித் தமனி வளையங்கள்: மருந்தைப் பழிக்கும் முன்

ஃபினைல்எஃப்ரினால் சுருங்கும் எலிப் பெருந்தமனி வளையம் அசிட்டைல்கோலினுக்குத் தளரவில்லை, மருந்து கெட்டுவிட்டது என்று நெறியாளர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். முதலில், தமனித் தசையை நேரடியாகத் தளர்த்தும் சோடியம் நைட்ரோபுருசைடு சேர்த்துப் பாருங்கள். அதற்குத் தளர்ந்தால் தசையில் குறையில்லை. அசிட்டைல்கோலின் தளர்த்துவது தமனியின் உட்சுவர்ச் செல்படலமான எண்டோதீலியத்தின் வழியாகத்தான்; அது உரிந்துபோயிருக்கும் என்பதே என் முதல் ஐயம். தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பை நீக்கும்போதோ வளையத்தைப் பொருத்தும் கம்பியை நுழைக்கும்போதோ உள்ளே லேசாக உரசினாலே போதும். புரூக்ளினில் மருந்தியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஃபர்ச்காட் இதே புதிரைத் துரத்தித்தான் 1980இல் எண்டோதீலியத்தின் பங்கை வெளியிட்டார். 1998 நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.

உங்களுக்கு வளையம் வெட்டக் கற்றுத்தந்தவர் யார்? முதலாண்டு மாணவரைச் செய்முறைக் குறிப்போடு தனியே விடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே தமனியில் மூத்தவர் ஒரு வளையமும் நீங்கள் ஒன்றும் வெட்டி, ஒரே நாளில் ஒப்பிடுங்கள். இரண்டுமே தளராவிட்டால் புதிய அசிட்டைல்கோலின் கரைசல் தயாரியுங்கள்.