தந்தைக்காக மகள் சொல்லும் கத்திஷ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் என்னுடன் பணிபுரியும் யூதத் தோழியின் தந்தை அண்மையில் காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது வீட்டார் தாழ்வான இருக்கைகளில் அமர்ந்திருந்தனர். வந்தவர்கள் எவரும் தாமாகப் பேசத் தொடங்கவில்லை. இப்போது தோழி நாள்தோறும் ஜெப ஆலயத்துக்குச் சென்று ‘கத்திஷ்’ என்னும் பிரார்த்தனையைச் சொல்கிறார். மகன் இல்லாத குறைக்கு வேறோர் ஆணைக் கொண்டு சொல்லவைக்கலாம் என்று உறவினர் ஒருவர் கூறியபோது மறுத்துவிட்டார். அதை வீட்டிலேயே தனியாகச் சொல்ல இயலாதா? மகளுக்கு அந்த உரிமை இல்லையா?

வ.

அன்புள்ள வ.,

தனியாகச் சொல்ல முடியாது என்பதுதான் அந்தப் பிரார்த்தனையின் உயிர் என்று நான் கருதுகிறேன். பெரும்பாலும் அரமேயம் என்னும் பழைய மொழியில் அமைந்த கத்திஷில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவனின் பெயரைப் போற்றுவது. வயதுவந்த பத்துப் பேராவது கூடியிருந்து ‘ஆமென்’ என்று மறுமொழி கூறினால்தான் அதைச் சொல்லலாம். நீங்கள் கண்ட ‘ஷிவா’ என்னும் ஏழு நாள் துக்கத்தில் ஊர் துக்கவீட்டைத் தேடி வருகிறது. அடக்கம் முடிந்தபின் உண்ணும் முதல் உணவையும் பிறரே கொண்டுவருகிறார்கள். துக்கத்தில் இருப்பவர் வாய்திறக்கும்வரை வந்தவர் பேசலாகாது என்பது யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதின் விதி. அதன்பிறகு பெற்றோரை இழந்தவர்தாம் எழுந்து பத்துப் பேரைத் தேடிச் செல்ல வேண்டும், அதுவும் 11 மாதங்களுக்கு. தீயோர் மறுமையில் தண்டனை பெறும் காலம் 12 மாதங்கள் என்பது பழைய நம்பிக்கை. அத்தனை மாதமும் சொன்னால் பெற்றோரைத் தீயோர் வரிசையில் வைத்ததாகும் என்றே ஒரு மாதத்தைக் குறைத்தார்கள்.

இவ்வாறு துயருற்றவரை மீண்டும் மனிதர்களிடையே கொண்டுவந்து நிறுத்தும் கடமையிலிருந்து மகளை விலக்கிவைப்பது, அவருடைய துயரைத் தனிமையில் விட்டுவிடுவதாகும். 1912இல் ஹதாசா என்னும் யூதப் பெண்கள் அமைப்பை அமெரிக்காவில் நிறுவிய ஹென்ரியட்டா சோல்டின் தாயார் 1916இல் மறைந்தபோது, ஹைம் பெரெட்ஸ் என்ற நண்பர் அவருக்காகத் தாம் கத்திஷ் சொல்ல முன்வந்தார். சோல்ட் மனமார நன்றி கூறி மறுத்தார். தம் பெற்றோருக்கு எட்டு மகள்கள், மகன் இல்லை. அதற்காக இருவரும் ஒருநாளும் வருந்தியதில்லை. தந்தை இறந்தபோதும் மகள்களின் இடத்தில் பிறர் நின்று கத்திஷ் சொல்லத் தாய் இசையவில்லை என்று அவர் எழுதினார். சில கடமைகளிலிருந்து மரபு பெண்களுக்கு விலக்களித்தது குடும்பப் பொறுப்பை முன்னிட்டே. இயன்ற பெண் செய்தால் அதன் மதிப்புக் குறையும் என்பதற்காக அன்று என்பது அவர் வாதம். மரபைத் துறந்தவரின் குரலன்று அது. ஆகவேதான் எனக்கு அது அவ்வளவு வலுவாக ஒலிக்கிறது.

இன்று சீர்திருத்தப் பிரிவினர் அந்தப் பத்துப் பேரில் பெண்களையும் கணக்கிடுகிறார்கள். வைதிகப் பிரிவினர் கணக்கிடுவதில்லை. எனினும் அவர்களுடைய ஆலயங்கள் பலவற்றில் மகள் எழுந்து கத்திஷ் சொல்வதை ஏற்கிறார்கள். யூதரல்லாத நீங்கள் அந்தப் பத்தில் ஒருவராக முடியாது. ஆனால் தோழியிடம் கேட்டு, அவர் விரும்பினால் ஒருநாள் உடன் சென்று அமருங்கள்.