அப்பச்சி சிபாப் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டார், என்ன செய்வது?

பள்ளத்தூரில் இருக்கும் அப்பச்சிக்கு 64 வயது, தூக்கப் பரிசோதனையில் ஏஎச்ஐ (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) 38 வந்தது, சிபாப் (மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் மெஷின்) வாங்கியும் நாலாம் நாளே கழற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு முட்டுகிறது, வாய் காய்கிறது, மூக்கில் தண்ணீர் ஏறுகிறது என்பவை அவர் சொல்லும் குறைகள். எல்லாமே சரிசெய்யக்கூடியவை. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பச்சிக்கு இருப்பது தூக்க மூச்சுத்தடை (ஸ்லீப் அப்னியா). ஏஎச்ஐ 30-ஐத் தொட்டாலே அது கடுமையான நிலை. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. மணிக்கு 38 என்றால் ஏழு மணி நேரத்தில் 266 முறை, ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 வினாடி, மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது. குறட்டை விட்டு அசந்து தூங்குகிறார் என்று வீட்டில் நினைத்திருப்பீர்கள். இரவில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுவதும், மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காததும்கூட இதனால் வரலாம். சிபாப் ஆக்ஸிஜன் கொடுப்பதில்லை. அறைக் காற்றையே அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிறது. இதை அவருக்குச் சொல்லிப் புரியவையுங்கள்.

மூச்சு முட்டினால் அழுத்தம் அதிகம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. மெஷின் 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்கினால் பலருக்குக் காற்று போதாது. 6-இல் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகட்டும்.

வாய் காய்வது, காற்று வாய்வழியே கசிவதால். முதலில் மூக்கடைப்புக்கு மருந்து. அப்படியும் வாய் திறந்தால் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். கசிகிறதே என்று மாஸ்க்கின் வாரை இறுக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மாஸ்க்கின் சிலிக்கோன் விளிம்பு காற்றில் உப்பி முகத்தில் ஒட்ட வேண்டும். இறுக்கினால் நசுங்கி இன்னும் கசியும். மெஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில் வாரைச் சரிசெய்யுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று முகத்தைச் சோப்பால் கழுவாவிட்டால் மாஸ்க் வழுக்கும். விளிம்பைத் தினமும் கழுவுங்கள்.

மூக்கில் ஏறும் தண்ணீர், குளிர்ந்த குழாயில் ஈரக்காற்று படிந்து வடிவது. வளவை (வீட்டின் உள்முற்றத்தை) திறந்து போட்டு, ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கு, மார்கழியில் இது நிச்சயம். தரையில் படுத்தால் மெஷினைத் தலைக்குக் கீழே வைக்க இடமில்லை. கட்டிலுக்கு மாற்றி, மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே சின்ன ஸ்டூலில் வையுங்கள். குழாய்க்குத் துணியுறை போட்டு, மெஷினில் ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள். பாய்தான் வேண்டும் என்றால் ஈரப்பதத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

காற்றை ஈரமாக்கும் மெஷின் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது, வெள்ளையாகப் படியும். இன்வெர்ட்டரில் ஓடும்போது தொட்டியின் ஹீட்டரை அணைத்தால் பேட்டரி நீண்ட நேரம் தாங்கும்.

பகல் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும். மது, டாக்டர் சொல்லாத தூக்க மாத்திரை இரண்டும் கூடாது. இரண்டு வாரம் கழித்துத் திரையில் ஏஎச்ஐ 5-க்குக் கீழும், பயன்பாடு தினம் 4 மணி நேரத்துக்கு மேலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெஷின் பதிவோடு டாக்டரைப் பாருங்கள். பகலில் கண் சொக்குவது நிற்கும்வரை மதுரைக்கோ திருச்சிக்கோ அவரைக் கார் ஓட்ட விடாதீர்கள்.