இரவில் மூச்சு அடைக்கிறது. தட்டில் எதை மாற்றுவது?

உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் 'ஸ்லீப் ஆப்னியா' பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் உணவைப் பற்றியவை. உறக்கப் பரிசோதனை முடித்து வருகிறவர்களுக்கு உணவுத் திட்டம் எழுதித் தருவதே என் அன்றாட வேலை என்பதால், இந்த முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று தலைமுறையாக முட்டைகூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. எனக்கு வயது 52. மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுகிறது என்று பரிசோதனை முடிவு சொல்கிறது. தாவர உணவு சாப்பிட்டால் இது குறையும் என்கிறார்கள். நான் வேறு எதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்?
– வாசகர், கும்பகோணம்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அசைவத்தைத் தொடாமல் இருப்பது வேறு, காயும் கீரையும் பயறும் வயிறாரச் சாப்பிடுவது வேறு. உங்களைப் போலவே கேட்ட ஒருவரிடம், மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதி வரச் சொன்னேன். காலையில் நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை. பதினொரு மணிக்குச் சர்க்கரை தூக்கலாகக் காபி. மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, தயிருக்கு ஒரு முறை என மூன்று சோறு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மாலையில் முறுக்கு. இரவு ஆறு இட்லி. அந்த மூன்று நாள் தாளில் காய் என்று நான் வட்டம் போட முடிந்தது, இரண்டு கரண்டி பீன்ஸ் பொரியலை மட்டும்தான். அத்தனையும் சுத்த சைவம். அவருடைய இடுப்புச் சுற்றளவு 108 சென்டிமீட்டர்.

2024இல் ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவில் திரட்டிய 14,000க்கும் மேற்பட்டவர்களின் உணவுக் குறிப்புகளை அவர்கள் அலசினார்கள். தாவர உணவு அதிகம் உண்பவர்களுக்கு, மிகக் குறைவாக உண்பவர்களைவிட ஸ்லீப் ஆப்னியா அபாயம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் தீட்டிய தானியம், சர்க்கரை கலந்த பானம், இனிப்பு என்று தாவரத்திலிருந்தே வரும் சத்தில்லாத உணவை அதிகம் உண்டவர்களுக்கு அபாயம் 22 சதவீதம் கூடுதல். உறக்கப் பரிசோதனை செய்து பார்த்த கணக்கு அல்ல இது; கேள்வித்தாள் வழியாக மதிப்பிட்ட அபாயம். உணவுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் 'சைவம்' என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்டிவிட்டது.

உணவால் வரும் பலனில் பெரும்பகுதி எடை வழியாகவே வருகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆண்டுக்கணக்கில் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. அதில், உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் வரும் மூச்சுத்தடைகளின் எண்ணிக்கை சுமார் 26 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. 10 சதவீதம் எடை கூடினால் 32 சதவீதம் ஏறும். உங்கள் கணக்கில் போட்டுப் பாருங்கள்: 34 என்பது 25 ஆகலாம். மணிக்கு 30க்கு மேல் இருந்தால் தீவிரம், 15 முதல் 30 வரை நடுத்தரம், 5க்குக் கீழே இயல்பு. தீவிரத்திலிருந்து நடுத்தரத்துக்கு இறங்குவது பெரிய ஆதாயம். ஆனால் அது குணமாகிவிட்டதற்குச் சமமில்லை. அதனால் சோற்றை ஒரு முறையாகக் குறைத்து அந்த இடத்தில் காயும் கூட்டும் சுண்டலும் வரட்டும். மருத்துவர் சொன்ன சிகிச்சையும் கூடவே தொடரட்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அரிசிக்குப் பதில் சாமை, வரகு என்று மாற்றிக்கொண்டு, அதே அளவு பொங்கலை அதே அளவு நெய்யில் சாப்பிட்டால் எடை இறங்காது. சிறுதானியம் நல்லது, அளவும் சரியாக இருக்க வேண்டும்.

என் கணவரின் குறட்டை திடீரென்று நின்றுவிடும். நான் எழுந்து உட்கார்ந்து எண்ணுவேன். இருபது வரை எண்ணியிருக்கிறேன். பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு வரும். சாப்பாட்டுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, நீங்கள் எண்ணியது வீண்போகவில்லை. பத்து வினாடிக்கு மேல் மூச்சு நின்றாலே அது கணக்கில் சேரும்.

கொழுப்பு வயிற்றில் மட்டும் சேர்வதில்லை. கழுத்தைச் சுற்றியும், நாக்குக்குள்ளும் சேர்கிறது. உறங்கும்போது தசைகள் தளர்ந்ததும், தடித்த நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. 2020இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் எம்ஆர்ஐ மூலம் எடுத்துப் பார்த்தார்கள்: எடை குறைந்தவர்களின் நோய் தணிந்ததற்கு முக்கியக் காரணம், நாக்கில் இருந்த கொழுப்பு குறைந்ததே. உணவு தொண்டைக்குப் போய் வேலை செய்யும் வழி இதுதான்.

தையல் டேப் வீட்டில் இருக்கும். நாளைக் காலையில் அவருடைய கழுத்தைச் சுற்றி, குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே அளந்து பாருங்கள். 40 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது ஓர் எச்சரிக்கை. ஆனால் உணவு மாற்றத்தை முதல் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த மூச்சு நிற்கும் நேரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். பரிசோதனை முடியும்வரை நெடுந்தூரம் வண்டி ஓட்ட அவரை விடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பகலில் கண் சொருகுவது அவருக்கே தெரியாது.

ஆறு மாதத்தில் 9 கிலோ குறைத்துவிட்டேன். உறங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை மூட்டை கட்டிவிடலாமா?
– வாசகர், சென்னை

வேண்டாம். மறுபரிசோதனை செய்து, எண் என்ன சொல்கிறது என்று பார்த்தபின் மருத்துவர் முடிவு செய்யட்டும். எடை குறைந்ததால் கருவியின் காற்றழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதற்காகவும் ஒரு முறை போய் வருவது நல்லது. 9 கிலோ குறைத்ததற்கு மனமார்ந்த பாராட்டு.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடை மூடி வீடு வர இரவு 10 ஆகும். வழியில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்ததும் படுத்துவிடுவேன். இரவு உணவை எப்படி மாற்றுவது?
– வாசகர், சிவகாசி

உணவைவிட நேரத்தை முதலில் மாற்றுவோம். நிறைந்த வயிற்றோடு படுத்தால் புளித்த ஏப்பமும் எதுக்களிப்பும் வரும். நெஞ்செரிச்சலில் தூக்கம் கலையும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டரை, மூன்று மணி நேரம் வேண்டும். பத்து மணிக்கு வருகிறவருக்கு வீட்டில் அது நடக்காது. ஆகவே இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

இரண்டு அடுக்கு எவர்சில்வர் டப்பா போதும். மேல் அடுக்கு முழுவதும் காய்: அவரைக்காய், முட்டைக்கோஸ், புடலங்காய், எது மலிவோ அது, தேங்காயைக் குறைத்து. கீழ் அடுக்கில் பாதிக்குக் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டலாக; மீதிப் பாதியில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை ஒன்று. ஏழு மணிக்குக் கல்லாவில் யாரையாவது உட்கார வைத்துவிட்டு, பத்து நிமிடம் உள்ளே போய்ச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பசித்தால் நீர்மோர் ஒரு டம்ளர். பரோட்டாவை மாதம் ஒரு நாளைக்கு, அதுவும் மதியத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

இன்னொரு விஷயம், நின்றுகொண்டே வேலை செய்கிற உங்களுக்காக. இரவில் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் ஐந்து வினாடி அழுத்தி எடுங்கள். பள்ளம் விழுந்து மெல்ல நிரம்புகிறதா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மேல்நோக்கி வந்து கழுத்தில் சேர்ந்து மூச்சுப் பாதையை நெருக்கும். உப்பு அதிகமானால் நீர் தேக்கமும் அதிகமாகும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பள்ளம் ஆழமாக விழுந்தால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

படுக்குமுன் மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதை விட்டால்தான் மற்றதெல்லாம் பலிக்கும். மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

வயது 29, எடை 48 கிலோ. எனக்கும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. நானும் உணவைக் குறைக்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

கூடாது. உங்கள் எடையில் குறைக்க எதுவும் இல்லை. ஒல்லியானவர்களுக்குத் தாடை உள்வாங்கியிருப்பது, டான்சில் பெரிதாக இருப்பது, மூக்கடைப்பு, தைராய்டு குறைவு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தேடச் சொல்லுங்கள். பருப்பும் காயும் பழமும் நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் இந்த நோய்க்கான மருந்தாக அல்ல.

பாலையும் விட்டு முழுத் தாவர உணவுக்கு மாறப் போகிறேன். என் தந்தையையும் மாற்ற விரும்புகிறேன். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும், சர்க்கரைக்கு மாத்திரையும் எடுக்கிறார்.
– வாசகி, ஈரோடு

உங்களுக்கு ஒரே நிபந்தனை: பி12 மாத்திரை. பாலும் இல்லையென்றால், பி12 சேர்த்துத் தயாரித்த உணவைத் தவிர அந்தச் சத்து கிடைக்க வேறு நம்பகமான வழி இல்லை.

அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். வாரம் ஒரு நாள் கீரை சாப்பிட்டவர் திடீரென்று தினமும் ஒரு கட்டு சாப்பிட்டால் மருந்தின் பிடி தளர்ந்து, ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. கீரையை அவர் விட வேண்டியதில்லை. வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால், மாத்திரையைப் பொறுத்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம். மாற்றத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரை அளவையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை எப்போது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி சோற்றை எடுத்துவிட்டு ஒரு கரண்டி பீர்க்கங்காய்க் கூட்டு. அது போதும்.