வாசகர் கேள்விகள்: ஓரேர் உழவனும் குழாயடிக் குடங்களும்

கேள்வி: சுயசரிதை, கவிதை, நாவல், அகராதி என்று எதையும் விட்டுவைக்காமல் வாசிப்பதாக முன்பொரு பதிலில் எழுதியிருந்தீர்கள். இப்படி மாற்றி மாற்றி வாசித்தால் எதுவும் மனத்தில் தங்குமா? அண்மையில் வாசித்தவற்றுள் தங்கியது எது?
(வாசகி, தேனி)

பதில்: தங்கும் அம்மா. ஒரே வகை நூல்களைத் தொடர்ந்து வாசிக்கும்போதுதான் ஒன்று மற்றொன்றோடு கலந்து மங்கிப்போகிறது என்பது என் அனுபவம். கடந்த இரண்டு மாதங்களில் நான் வாசித்தவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940இல் தொடராக வரத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றுபோன நூல் அது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த புதிதில், அவ்வூருக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார் ஐயர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியாரிடம் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியாருக்கு அதில் வியப்பு ஏதும் ஏற்படவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று அவர் கேட்டபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்ட அந்த மாணவர், அவற்றைத் தாம் கண்ணால் கண்டதுகூட இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு கேள்வியிலிருந்து 1887இல் அச்சேறிய சிந்தாமணிப் பதிப்பு வரையிலான பக்கங்களை, இரவு கடந்தது தெரியாமல் வாசித்தேன். சமணக் காப்பியமான சிந்தாமணியை விளங்கிக்கொள்ள இலக்கணமும் நிகண்டும் போதா என்று கண்டவுடன், சைவ ஆதீனத்தின் நிழலில் வளர்ந்த அவர் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டுக் கற்கிறார். பதிப்புப் பணியைக் காட்டிலும் இது பெரிய செயலாக எனக்குத் தோன்றுகிறது. தெரியாத ஒன்றைத் தெரிந்தவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கும் மனம் அவருக்கு இருந்தது. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆசிரியரைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதியவர், தம் மனைவியை மிக அரிதாகவே பக்கங்களுக்குள் வரவிடுகிறார். அந்த வீட்டின் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய ஏங்கினேன்.

கேள்வி: குறுந்தொகை சிறிய பாடல்கள்தாமே என்று வாங்கினேன். உரை இல்லாமல் ஓர் அடிகூட நகரவில்லை. உரையோடு வாசித்தால் அது கவிதை வாசிப்பு ஆகுமா?
(வாசகர், அரியலூர்)

பதில்: தாராளமாக ஆகும். நானும் உ.வே.சா. 1937இல் வெளியிட்ட பதிப்பின் உரையை வைத்துக்கொண்டுதான் அண்மையில் வாசித்தேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். நாளொன்றுக்கு இரண்டுக்கு மேல் போகவில்லை.

இம்முறை என்னைப் பிடித்து நிறுத்தியவை புலவர்களின் பெயர்கள். இயற்பெயர் தெரியாமல் போன சிலரை, அவர்கள் பாடிய உவமையே பெயராக நின்று காப்பாற்றியிருக்கிறது. 40ஆம் பாடலைப் பாடியவர் செம்புலப்பெயல்நீரார். 41ஆம் பாடலைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல இரு நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்லும் முன்னதை எல்லோரும் அறிவார்கள். பின்னதில், தலைவன் பிரிந்திருக்கும் நாளில் தான், மக்கள் விட்டுப்போன சிற்றூரில் அணில் விளையாடும் முற்றத்தையுடைய தனித்த வீட்டைப் போல் ஆகிவிடுவதாகத் தலைவி சொல்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த தொகுப்பாளரை நினைத்து, புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் இருந்தேன்.

131ஆம் பாடலில் ஊர் திரும்பும் தலைவனின் நெஞ்சு, ஈரம் பட்ட கொல்லையை உடைய ஓரேர் உழவனைப் போல் விரைகிறது. உரை பொருளைச் சொல்லிவிட்டது. ஆயினும், கரிசல் நிலத்தில் உழுது வாழ்ந்த என் உறவினர் ஒருவரிடம் கேட்ட பிறகுதான் அந்த விரைவு எனக்குப் புரிந்தது. ஈரம் காய்வதற்குள் முழு நிலத்தையும் உழுதாக வேண்டும், இருப்பதோ ஒரே ஏர், இரவல் கேட்கலாமென்றால் அன்றைக்கு எல்லோருக்கும் அவரவர் ஏர் வேண்டும் என்றார் அவர். கி.ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை அன்றிரவே எடுத்துப் புரட்டத் தொடங்கினேன். அகராதியையும் வாசிப்பதாக நான் எழுதியது இப்படித்தான்.

கேள்வி: ‘புயலிலே ஒரு தோணி’யை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் தொடக்கப் பக்கங்களிலேயே நிறுத்திவிட்டேன். குறை என்னிடமா, நாவலிடமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: தொடக்கம் கடினமானதுதான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை நுழையும், இந்தோனேசியாவின் மேடான் நகரின் தெருக்களில், பழக்கமற்ற பெயர்களுக்கும் பிறமொழிச் சொற்களுக்கும் நடுவே ப.சிங்காரம் நம்மைக் கைப்பிடிக்காமல் விட்டுவிடுகிறார். இளமையில் மேடானில் வேலை பார்த்தவர், பின்னர் மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணியாற்றியவர், இரண்டே நாவல்கள் எழுதியவர் அவர். 1972இல் வெளிவந்த இந்த நாவலுக்கு காரைக்குடிக்காரரான நீங்கள் என்னைவிட நெருக்கமானவர். கடல் கடந்து சென்ற செட்டிநாட்டாரின் தொழிலில் வழங்கிய வட்டிக்கடை, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகிய சொற்களை விளக்க உங்கள் தெருவிலேயே பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் பினாங்குக்குப் போகும் கடற்பயணத்தில் புயல் எழும் பகுதி வரையாவது பொறுத்திருங்கள். அங்கே வாக்கியங்களே அலையைப் போல எழுந்து விழுகின்றன. பெண் பாத்திரங்களைப் படைத்த விதத்தில் எனக்கு மனக்குறை உண்டு. ஆயினும் புலம்பெயர்ந்து வாழ்ந்த தமிழனின் தனிமையை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன நாவல்கள் மிகச் சிலவே.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் தமிழ் நாவல் எதையும் வாசித்ததில்லை. எந்த நூலை முதலில் கொடுக்கலாம்?
(வாசகி, சென்னை)

பதில்: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைக் கொடுங்கள். அளவில் சிறியது, மொழி எளியது. 2019 கோடையில் சென்னை வறண்டு, நாம் குடங்களோடு லாரிக்காகக் காத்திருந்ததை உங்கள் மகள் மறந்திருக்க மாட்டார். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்நகரத்தின் ஒரு தெருவில் அடிகுழாயும் குடமும் எப்படி வாழ்க்கையை ஆட்டிவைத்தன என்பதை இதில் காணலாம். வாழ்வை முடித்துக்கொள்ள நினைக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா அறிவுரை எதுவும் அடுக்குவதில்லை. பதினைந்து வயதில் தமக்கு நேர்ந்த திருமணத்தைப் பற்றி எடுத்துச் சொல்கிறார். மகளிடம் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பகுதியை நீங்களும் ஒருமுறை வாசித்துவிடுங்கள் அம்மா. அவர் உங்களிடம் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பார்.