வெள்ளவத்தையில் தங்கிப் படிக்கும் மகனுக்கு வலிப்புக் கடிகாரம் வாங்கலாமா?

வவுனியாவிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகனுக்கு 20 வயது. நித்திரையில்தான் வலிப்பு வரும், கை கால் எல்லாம் வெட்டி இழுக்கும். இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துப் படிக்கிறான். வலிப்பு வந்தால் போனுக்கு அறிவிக்கும் கைக்கடிகாரத்தைக் கனடாவிலிருந்து என் தம்பி அனுப்புகிறேன் என்கிறார். நம்பலாமா?”

மகனுக்கு வரும் வகை வலிப்புக்குப் பெரும்பாலும் நம்பலாம், அம்மா. கடிகாரத்துக்குள் அசைவை அளக்கும் உணரி இருக்கிறது. உடல் விறைத்து, பிறகு கை ஒரே தாளத்தில் வெட்டி இழுப்பதை அது அடையாளம் கண்டு போன் வழியாக அறிவிக்கும். சிலவற்றில் வியர்வையால் தோலில் வரும் மாற்றத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் அனுமதித்த எம்பிரேஸ் என்ற கடிகாரம் அந்த வகை. அசையாமல் சில நொடி வெறித்துப் பார்க்கும் வலிப்பு என்றால் அசைவு உணரிக்குத் தெரியாது. பல் துலக்கும்போதும் மேசையில் தாளம் போடும்போதும் சிலவேளை வீணாக அடிக்கும். இரவில் அந்தத் தொல்லை குறைவு.

என் கவலை வேறு. இரவு 2 மணிக்கு வவுனியாவில் உங்கள் போன் அடித்தால் என்ன செய்ய முடியும்? இழுப்பு நின்றபின் குப்புறக் கிடந்து மூச்சு அடங்கிப்போவதுதான் நாங்கள் பயப்படுவது. வலிப்புள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 பேரில் ஒருவர் இப்படித் திடீரென இறக்கிறார், பெரும்பாலும் நித்திரையில், தனியே. 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டலும், 5 நிமிடத்துக்குள் ஒருவர் வந்து உதவக்கூடிய இடத்துக்கே இத்தகைய கருவியைப் பரிந்துரைக்கிறது.

அதனால் பக்கத்து அறை நண்பரிடமோ வீட்டுக்கார அம்மாவிடமோ முதலில் பேசுங்கள். அறையின் இன்னொரு திறப்பு அவரிடம் இருக்கட்டும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, இழுப்பு 5 நிமிடம் தாண்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ். இவ்வளவையும் மகனே சொல்லிக் கொடுக்கட்டும்.

தம்பி வாங்குமுன், இலங்கை இலக்கங்களுக்கு அழைப்பு வருமா, மாதக் கட்டணம் உண்டா என்று விசாரிக்கட்டும். போனில் சார்ஜோ டேட்டாவோ தீர்ந்தால் கடிகாரம் ஊமைதான். அப்புறம், அது வலிப்பைத் தடுக்காது, தடுப்பது குளிசை. சோதனைக் காலத்தில் கண் விழித்துப் படித்து, இரவுக் குளிசையையும் மறப்பதுதான் இந்த வயதில் நான் அதிகம் பார்ப்பது. கிளினிக் திகதியையும் தவறவிட வேண்டாம்.

கடிகாரம் வந்ததும் அழைப்புப் பட்டியலில் பக்கத்து அறை நண்பரின் இலக்கத்தை முதலில் போடுங்கள். உங்களுடையது இரண்டாவதாக இருக்கட்டும்.