குழந்தையின் தலை ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது, தலையணை வாங்கலாமா?

மூன்று மாதக் குழந்தைக்குப் பின்மண்டை வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது, நடுவில் குழி வைத்த தலையணை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தூங்கும் குழந்தைக்கு எந்தத் தலையணையும் மூச்சுத்திணறல் ஆபத்துதான்.

இந்த வயதில் மண்டையோடு இளசு. ஒரே இடம் அழுந்தினால் அங்கே தட்டையாகும். அதற்காகக் குப்புறத் தூங்க வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்ன பிறகு தொட்டில் மரணங்கள் (தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை திடீரென இறப்பது) பாதிக்கு மேல் குறைந்தன. தட்டைத் தலை கூடியது. நல்ல பேரம்தான்.

விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, அடிக்கடி சில நிமிடம் குப்புறப் போடுங்கள். அழுதால் உங்கள் மார்பிலேயே கவிழ்த்துக்கொள்ளலாம். குழந்தை எப்போதும் ஜன்னலையோ உங்களையோ பார்த்துத்தான் திரும்பும். அதனால் கால்மாடு தலைமாட்டை மாற்றிப் படுக்க வையுங்கள். அப்புறம், நிறையத் தூக்கி வைத்திருங்கள்.

எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்புகிறதா? கழுத்துத் தசை இறுகியிருக்கலாம். பிசியோதெரபி பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும். பாட்டி எண்ணெய் தேய்த்துத் தலையைப் பிடித்து உருட்டினால் ஆகாது.

தலை வடிவத்தைச் சரிசெய்யப் போடும் ஹெல்மெட்? நெதர்லாந்தில் 84 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் (2014) ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மிகக் கடுமையாக இருந்தால் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மண்டையில் மேடான வரம்பு தென்பட்டாலோ, தலைச் சுற்றளவு வளராவிட்டாலோ காத்திருக்காதீர்கள். எலும்பு இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும் வேறு நோயாக இருக்கலாம், அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.